கடைசித் தொட்டி

பெரியவர் போய்ச் சேர்ந்த மறுவாரமே வோட்கா வடிசாலையைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. திறக்காமல் என்ன செய்வது? பீப்பாய்களில் நுரைத்துக் கிடந்த கோதுமைக் கரைசல் துக்கம் விசாரித்துக்கொண்டா இருக்கும்? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அத்தனையும் காடியாகிப் போயிருக்கும். தம்பியான சின்னவர்தான் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தார். உள்ளே போனவர் வடிகலன் இருக்கும் கூடத்தில் நிற்கவில்லை. நேராகப் பின்பக்கம், எஃகுத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் அறைக்குப் போனார். கடைசித் தொட்டியின் மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. பெரியவர் கடைசியாக வடித்துவிட்டுப் போன சரக்கு அதில்தான் இருந்தது. அதை வடித்த பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனவர்தான், திரும்பி வரவில்லை.

"இதை மத்ததோட கலந்துடாதீங்க. இது அண்ணன் பேர்ல தனியா வரணும்," என்று கொதிகலன்காரரிடம் சொன்னார். கொதிகலன்காரர் அதிகம் பேசாத மனுஷர். தலையை மட்டும் ஆட்டினார்.

சின்னவரைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்பேர்ப்பட்ட வாய். வடிசாலையில் வேலை பார்ப்பவர்கள் அண்ணனை 'மூக்கு' என்றும் தம்பியை 'வாய்' என்றும் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது இரண்டு பேருக்குமே தெரியும். 'வெள்ளைக்கல்' வோட்காவை வடித்தது மூக்கு, விற்றது வாய். பெரிய பெரிய ஹோட்டல்களின் கண்ணாடி அலமாரியில், விளக்குக்கு நேர் கீழே, அந்தப் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றால் பாதிப் பெருமை சரக்குக்கு, மீதிப் பாதி சின்னவர் அளந்துவிட்ட கதைக்கு.

கதை பாட்டிலின் பின்பக்க லேபிளில் இருந்தது. கொள்ளுத்தாத்தா ஒருவர் மலையேறிப் போனாராம், ஒரு வெள்ளைக் கல்லுக்கு அடியில் ஊற்றைக் கண்டாராம், அந்தத் தண்ணீரில்தான் நாலு தலைமுறையாக வடித்து வருகிறார்களாம். சுத்தப் புளுகு. மலையாவது ஊற்றாவது! அவர்களுடைய அப்பா தானிய மண்டிக்காரர், வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. ஒரு வருஷம் கூரை ஒழுகி, மண்டியில் இருந்த கோதுமை மூட்டைகள் நனைந்து முளைவிட்டுவிட்டன. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ரசாயனம் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த பெரியவர்தான், "முளைவிட்டதை ஏன்ப்பா குப்பையில கொட்டணும்? உரிமம் வாங்கி வடிச்சுப் பார்ப்போமே," என்றார். வாடகைக் கொட்டகை ஒன்றில் ஆரம்பித்தார்கள். கொட்டகை வாசலில் ஏறி இறங்க ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

லேபிள் முதன்முதலில் அச்சாகி வந்த அன்று பெரியவர் அதை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார்.

"நம்ம கொள்ளுத்தாத்தா இவ்வளவு பெரிய ஆளுன்னு எனக்கே இப்பதான்டா தெரியுது. அந்த மனுஷன் பேராவது உனக்குத் தெரியுமா?"

"பேர் எதுக்குண்ணா? மலையேறினாரா இல்லையா, அதைப் பாரு."

பெரியவர் வயிறு வலிக்கச் சிரித்தார். ஆனால் லேபிளின் கடைசி வரியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. 'ஒவ்வொரு துளியும் ஒரே மூக்கைத் தாண்டி வந்தது' என்று இருந்தது. "இது ஒண்ணுதான் உண்மை, இதை மட்டும் விட்டு வை," என்றார். முகம் மலர்ந்துபோயிருந்தது.

அது உண்மைதான். வடிகலனிலிருந்து ஆவி குளிர்ந்து சொட்டத் தொடங்கும்போது முதலில் வருவது நகப்பூச்சு மாதிரி மூக்கைக் குத்தும், அது ஆகாது. நடுவில் வருவதுதான் வோட்கா. கடைசியில் வருவதில் ஈர அட்டைப்பெட்டி வாடை அடிக்கும், அதுவும் ஆகாது. எது முடிந்து எது தொடங்குகிறது என்று சொல்ல ஆயிரம் கருவி இருக்கிறது. பெரியவர் கருவியைப் பார்ப்பார், ஆனால் நம்பமாட்டார். சொட்டும் இடத்தில் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தோடு நின்று, முகர்ந்து முகர்ந்து பார்த்து, சரியான நேரத்தில் குழாயின் கைப்பிடியைத் திருப்புவார். ஒரு பக்கம் திருப்பினால் தொட்டிக்குப் போகும், மறுபக்கம் திருப்பினால் கழிவுப் பீப்பாய்க்குப் போகும். "மத்தவங்க சரக்குல ஏதாவது ஒரு ருசியைக் கொண்டுவரப் பார்க்கிறாங்க. நமக்கு எல்லாத்தையும் வெளிய அனுப்புறதுதான் வேலை," என்பார்.

வாங்க வந்தவர்கள் எல்லாரும் அந்த மூக்கைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். சின்னவர் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். பெரியவர் கிண்ணத்தோடு நிற்பார், அவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின.

துக்கம் கேட்க வந்த கூட்டத்திலும் அந்த மூக்குதான் பேச்சாக இருந்தது. மொத்த வியாபாரி ஒருவர் வீட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க கொள்ளுத்தாத்தா ரத்தம்ங்க அது. அந்த ஊத்துத் தண்ணியிலேயே வளர்ந்த மூக்கு," என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். அண்ணன் நனைந்த மூட்டைகளை முதுகில் சுமந்தது, கொட்டகைத் தரையில் சாக்கை விரித்துப் படுத்தது, முதல் சரக்கு கெட்டுப்போனபோது ஓவென்று அழுதது, எதுவும் யாருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்கென்று அழுத வாயெல்லாம் சின்னவர் விட்ட சரடைத்தான் சொல்லி அழுதது. அடப்பாவி, என் அண்ணனை நானே இல்லாமல் பண்ணிவிட்டேனே என்று அவருக்குத் தோன்றியது.

அன்றைக்கு முடிவு செய்ததுதான். கடைசித் தொட்டிச் சரக்கைத் தனியாகப் பாட்டிலில் அடைக்க வேண்டும். பின்பக்கத்தில் மலையும் ஊற்றும் இருக்கக் கூடாது. ஒழுகின கூரை, முளைவிட்ட கோதுமை, வாடகைக் கொட்டகை, அண்ணன். உள்ளே அண்ணன் கைப்பட வடித்தது, வெளியே அண்ணனுடைய நிஜக் கதை. வாழ்நாளில் ஒரே ஒரு தடவையாவது அண்ணனைப் பற்றி உண்மை பேசிவிட வேண்டும். அச்சகக்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது அண்ணியின் சம்மதம் மட்டும்தான்.

அண்ணியும் ரசாயனம் படித்தவர். நொதிக்க வைப்பதும் தண்ணீரின் பக்குவமும் ஆரம்பத்திலிருந்தே அவர் பொறுப்பு. வடிசாலையைத் திறந்த அன்று காலை வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து, தொட்டியிலிருந்து கொஞ்சம் கிண்ணத்தில் பிடித்து, தண்ணீர் சேர்த்து, உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். கிண்ணத்தை மேஜையில் வைத்தார்.

"இது போகாது தம்பி. திரும்ப வடிக்கணும்."

சின்னவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அண்ணி சொல்றீங்க?"

"கடைசில வர்றது உள்ள வந்திருக்கு. கைப்பிடியை ரொம்ப நேரம் கழிச்சுத் திருப்பியிருக்காரு."

சின்னவர் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சிருக்கு?"

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சின்னவர் விடவில்லை. "எப்படியும் கரியில வடிகட்டத்தானே போறோம்? அதுல போயிடாதா?"

"கரி பாதியைத்தான் இழுக்கும். மீதி பாட்டிலுக்குள்ள போய் உட்காரும். தெரிஞ்சவன் ஒருத்தன் குடிச்சான்னா போதும், அவர் பேரு நாறிடும்."

"அண்ணி, இது அண்ணன் கை பட்டது. கடைசியா பட்டது. இதைத் திரும்பக் கொதிக்க வச்சு ஆவியாக்கணும்னு சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அண்ணி கிண்ணத்தைக் கழுவப் போனார். அந்த நிதானம்தான் சின்னவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பிவிட்டது. செத்த அன்றைக்கும் இப்படித்தான், அடக்கம் பண்ணும்போதும் இப்படித்தான். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் நின்றார். சொல்லக் கூடாத வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் அழக்கூட வரலையே. உங்ககிட்ட போய்க் கேட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

அண்ணி தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். பிறகு மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, சின்னவருக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உட்காருங்க தம்பி. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே யாருக்காகக் காப்பாத்தணும்? உங்க அண்ணனுக்கு மூக்கு போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

சின்னவருக்கு முதலில் புரியவில்லை.

"அடுப்புல பால் வச்சுட்டு மாடிக்குப் போயிருந்தேன். இறங்கி வந்தா வீடு பூரா தீஞ்ச வாடை. இவரு அடுப்புக்கு ரெண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படிச்சுட்டு இருக்காரு. என்னங்க, பால் தீயுறது தெரியலையான்னு கத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு பாருங்க... மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு பார்வை. அதுக்கு முன்னாடியே போயிருந்திருக்கு. மறைச்சிருக்காரு."

"அப்புறம் எப்படி... அதுக்கப்புறமும் அண்ணன்தானே..."

"நான் பக்கத்துல நிப்பேன். பார்த்திருப்பீங்களே, ஏதோ சாமான் எடுக்கிற மாதிரி நிப்பேன். சரியான நேரம் வரும்போது முழங்கையைத் தொடுவேன், அவர் திருப்புவாரு. நீங்க கூட்டிட்டு வந்த ஆளுங்க படம் எடுத்துட்டுப் போவாங்க."

"அப்ப, போன வருஷம் ஹோட்டல்காரங்க வந்து அப்படிப் புகழ்ந்தாங்களே, அந்தச் சரக்கு?"

"நான் பிரிச்சது." அண்ணி கடைசித் தொட்டியைப் பார்த்தார். "இதுதான் அவரே பிரிச்சது. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியல. ஒத்திப் போடலாம்னா கேட்கல. நீங்க ஆர்டர் எடுத்துட்டு வந்திருந்தீங்க. இத்தனை வருஷம் பண்ணின வேலை, கைக்குத் தெரியாதான்னு சொல்லிட்டுக் கிளம்பினாரு. கைக்குத் தெரியல."

"டாக்டர்கிட்ட போயிருக்கலாமே அண்ணி? ஆரம்பத்துலேயே போயிருந்தா..."

"கால்ல விழாத குறையா கெஞ்சினேன். போனா வெளிய தெரிஞ்சுடும்னாரு. 'ஊர் ஊராப் போயி என் மூக்கைச் சொல்லித்தானே தம்பி வித்துட்டு வர்றான்? மத்ததெல்லாம் அவன் விட்ட கதை, இது ஒண்ணுதான் நிஜம். இதுவும் பொய்யாயிடுச்சுன்னா அவன் யார் மூஞ்சியில முழிப்பான்?'னு கேட்டாரு. வாசனை தெரியாமப் போனது பெரிய வியாதியான்னு என் வாயை அடைச்சுட்டாரு. தலைக்குள்ள கட்டின்னு நாங்க ரெண்டு பேருமே கனவுலகூட நெனைக்கல."

சின்னவருக்கு ஆஸ்பத்திரி அறை கண்முன்னால் வந்தது. நெற்றிக்குப் பின்னால் கட்டி என்று ஸ்கேன் படத்தில் தெரிந்த அன்று, டாக்டர் கட்டிலருகே நின்று, "கொஞ்ச நாளா வாசனை தெரியாம இருந்துச்சா?" என்று பெரியவரைத்தான் கேட்டார். பெரியவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவர் முந்திக்கொண்டார். "டாக்டர், யாரைப் பார்த்து என்ன கேட்கறீங்க! இந்த மூக்கை வச்சுதான் எங்க குடும்பமே நடக்குது," என்று சொல்லிச் சிரித்தார். பெருமையாகத்தான் சொன்னார். டாக்டரும் சிரித்தார். பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தார். அன்றைக்கே கை மீறித்தான் போயிருந்தது, உண்மையைச் சொல்லியிருந்தாலும் பிழைத்திருக்கமாட்டார். ஆனால் சாகப் போகிறவர் கடைசியாக ஒரு வார்த்தை உண்மை பேச வாய்ப்பு வந்ததே, அதையும் தம்பியின் வாய் பிடுங்கிக்கொண்டது.

சின்னவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அண்ணா, எனக்காகவா, இந்த உதவாக்கரை வாய்க்காகவா என்று உள்ளுக்குள் கதறினார்.

வெகுநேரம் கழித்து எழுந்தார். அச்சகக்காரரைப் போனில் கூப்பிட்டு, தனி லேபிள் வேண்டாம் என்றார். "பழைய லேபிள்லயும் பின்பக்கத்தை எடுத்துடுங்க. மலை, ஊத்து, மூக்கு எல்லாத்தையும். பேர் மட்டும் இருந்தா போதும்." அச்சகக்காரர், "என்ன சார், கதையே இல்லாம எப்படி சார் விக்கும்?" என்று பதறினார். சின்னவர் போனை வைத்துவிட்டார். கொதிகலன்காரரிடம் போய், "நெருப்பைக் கூட்டுங்க. கடைசித் தொட்டியைத் திரும்ப வடிக்கிறோம்," என்றார்.

தொட்டியிலிருந்ததைக் குழாய் வழியாக வடிகலனுக்கு ஏற்றி, அளவாகத் தண்ணீர் சேர்த்தார்கள். மூடுவதற்கு முன்னால் அண்ணி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, வெந்நீர் கலந்து சின்னவரிடம் நீட்டினார்.

"அவசரப்படாதீங்க. மூச்சை முழுசா வெளிய விட்டுட்டு, மெதுவா இழுங்க. முதல்ல சுருக்குனு வர்றதை விட்டுடுங்க. அதுக்குப் பின்னாடி என்ன வருதுன்னு பாருங்க."

முதல் தடவை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, எல்லாவற்றுக்கும் அடியில், மழையில் ஊறிப்போன அட்டைப்பெட்டியின் வாடை மெல்லத் தட்டுப்பட்டது. இத்தனை வருஷம் விற்றவருக்கு முதன்முதலாகத் தன் சரக்கில் ஒரு வாசனை தெரிந்தது. அதுவும் அண்ணனுடைய தப்பாக இருந்தது.

"தெரியுது அண்ணி," என்றார்.

வடிகலன் சூடேறிச் சொட்டத் தொடங்க மத்தியானம் ஆகிவிட்டது. முதலில் வந்ததை அண்ணி கழிவுக்கு அனுப்பினார். பிறகு கைப்பிடியைத் திருப்பினார். சுத்தமான சரக்கு நூல் பிடித்தாற்போல் தொட்டிக்கு இறங்கியது. அண்ணி முகர்ந்துவிட்டுக் கிண்ணத்தைச் சின்னவரிடம் கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்தபடியே சின்னவர் மெதுவாக இழுத்துப் பார்த்தார். சுருக்கென்று ஏறியது, அதற்குப் பின்னால் எதுவும் இல்லை. அண்ணன் செய்த வேலைக்கு ஒரு தடயமும் இல்லை.

"அண்ணன் இதுல இல்லையே அண்ணி," என்றார் குழந்தை மாதிரி.

"இருக்கக் கூடாதுன்னுதானே தம்பி ஆயுசு பூரா பாடுபட்டாரு," என்று அண்ணி சொல்ல வந்தார். பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேலங்கியின் முனையை வாயில் பொத்திக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். செத்த அன்றைக்கு வராத அழுகை, அடக்கத்தன்று வராத அழுகை, ஒரு வருஷமாகப் புருஷனின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றபோதெல்லாம் அடக்கிவைத்த அழுகை, மொத்தமாக வந்தது. சின்னவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, அண்ணி" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாமல் அவரும் அழுதார். கொதிகலன்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருப்பைப் பார்த்தார்.

சரக்கு அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி வைக்க முடியாது. அண்ணி நிதானத்துக்கு வர வெகுநேரம் ஆயிற்று. எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி முகர்ந்தார். அழுத அழுகையில் மூக்கு கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. இதுக்குத்தான் வேலை நாள்ல அழக் கூடாதுன்னு சொல்லுவாரு." கிண்ணத்தைச் சின்னவர் கையில் வைத்தார். "நீங்கதான் பார்க்கணும். வந்தவுடனே சொல்லுங்க."

அழுத ஈரம் சின்னவரின் மூக்கிலும் இருந்தது, ஆனால் மூச்சு போய் வந்தது. குழாய்க்கு அருகே, அண்ணன் நிற்கும் இடத்தில் நின்றார். பிடித்தார், முகர்ந்தார், கொட்டினார். மறுபடி பிடித்தார், முகர்ந்தார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அண்ணி தோளுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

பிறகு அது வந்தது. காலையில் பார்த்த அதே வாடை, அதைவிடக் கூடுதலாக, சந்தேகத்துக்கே இடமில்லாமல் வந்தது. மூக்கு போன மனுஷன் ஒருவர் தன்னந்தனியாக இதே இடத்தில் நின்று, தம்பி எடுத்த ஆர்டருக்காக, தெரியாமல் உள்ளே விட்டுவிட்ட வாடை அது. அண்ணனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் போதும், அது பாட்டுக்குத் தொட்டிக்குள் இறங்கிவிடும். அண்ணன் பாட்டிலுக்குள் இருப்பார். யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு மூக்கு அடைத்திருந்தது. சின்னவருக்குப் பொய் சொல்வது இன்றைக்கு நேற்றைக்குப் பழக்கமா?

"வந்துடுச்சா தம்பி?" என்றார் அண்ணி.

சின்னவர் இன்னொரு தடவை, ஆசை தீர, நெஞ்சு நிறைய இழுத்து முகர்ந்தார்.

"வந்துடுச்சு அண்ணி," என்றார். கைப்பிடியைக் கழிவுப் பக்கம் திருப்பினார்.